குறட்டையும் பல் மருத்துவரும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் பல் தேய்வைப் பற்றி எழுதும்போது, "இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், தங்களுக்குக் குறட்டை உண்டா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சொத்தையும் பல் கூச்சமும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை முழுக்கக் குறட்டைதான்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பல் சுத்தம் செய்யப் போன இடத்தில், டாக்டர் நாக்கைப் பார்த்துவிட்டு, "குறட்டை விடுவீர்களா? பகலில் தூக்கம் வருமா?" என்றெல்லாம் கேட்டிருக்கிறார். இவருக்கு ஒரே கோபம். பல் மருத்துவருக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படிக் கேட்ட மருத்துவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

யோசித்துப் பாருங்கள். ஒருவரை மல்லாக்கச் சாய்த்து, வாயை அகலத் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் அரை மணி நேரம் தொண்டை வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிற மருத்துவர் வேறு யார்? குறட்டை பிறக்கிற இடமே அதுதான். நாக்கு பெரிதாக இருந்து இடம் போதாமல் பற்களோடு நெருக்கிக்கொண்டிருந்தால், அதன் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். ஒவ்வொரு பல்லும் தன் அச்சைப் பதித்துவிட்டுப் போனதுபோல வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். உங்கள் கணவரின் நாக்கில் அவர் பார்த்தது அநேகமாக இதைத்தான். மேலண்ணம் குறுகி உயரமாக வளைந்திருப்பது, உள்நாக்கு சிவந்து தடித்து நீண்டு தொங்குவது, கீழ்த்தாடை பின்தங்கியிருப்பது, கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகியிருப்பது, இவையும் எங்கள் கண்ணில் படும். இவற்றில் ஒன்றை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. கேள்வி கேட்க இவை போதும், அவ்வளவுதான்.

நடப்பது இது. நாக்கின் பெரிய தசை கீழ்த்தாடையின் உட்பக்கத்தில், முன்பற்களுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூங்கும்போது தசைகள் தளர்ந்து தாடை பின்னால் சரிந்தால் நாக்கும் கூடவே சரியும். மூச்சுப் பாதை குறுகும். அந்தக் குறுகிய வழியில் காற்று போகும்போது மெல்லிய சதைகள் அதிர்கிற சத்தம்தான் குறட்டை. பாதை முழுக்க அடைபட்டு 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோனால் அது ஸ்லீப் ஆப்னியா. மூளை பதறி எழுப்பும், மூச்சு திணறித் திறக்கும், மறுபடி தூக்கம். இது ஒரே இரவில் நூறு முறைக்கு மேல் நடந்தாலும் தூங்குகிறவருக்கு ஒன்றுமே நினைவிருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் உறைத்தது ஒரு மதிய நேரத்தில்தான். கடைவாய்ப்பல் எடுக்க வந்தவருக்கு மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. மூக்கருகே கையை வைத்தால் காற்றே இல்லை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தேன். 24 விநாடி. எழுப்பிவிட வேண்டியதுதான் என்று தோளைத் தொடப் போனபோது, தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறவர்போலப் பெரிதாக மூச்சை இழுத்தார். "தூங்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்லையே டாக்டர், சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்றார். அவருடைய தொழில் வண்டி ஓட்டுவது. அன்று பல்லை எடுத்த கையோடு தூக்க மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பரிசோதனையில், மணிக்கு 41 முறை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது.

அதனால் சகோதரி, இன்று இரவு சத்தத்தைக் கேட்காதீர்கள். சத்தம் நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். மெல்லிய வெளிச்சம் இருந்தால் போனில் பத்து நிமிடம் படம் பிடியுங்கள். அவரே பார்க்கட்டும். கோபம் தணிந்துவிடும்.

அதோடு எட்டு விஷயங்களைச் சரிபாருங்கள். சத்தமான குறட்டை, பகலில் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், அதிக உடல் பருமன், 50 வயதுக்கு மேல், 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருப்பது. உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துகிற ஸ்டாப்-பாங் என்ற கேள்விப் பட்டியல் இதுதான். மூன்று பொருந்தினாலே தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. உங்கள் கணவர் ஆண். குறட்டையும் இருந்தால் இரண்டு ஆகிவிட்டது.

கேள்வி: குறட்டைக்குப் பல் மருத்துவர்கள் கிளிப் மாதிரி ஒன்று செய்து தருகிறார்களாமே? பரிசோதனை எல்லாம் இல்லாமல் நேராக அதை மாட்டிக்கொண்டால் என்ன? எனக்குத் தேவை குறட்டை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்" என்று நீங்கள் எழுதிய அந்த இடத்தில்தான் என் கவலை எல்லாம் இருக்கிறது.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். மேல் பற்களுக்கு ஒரு தட்டு, கீழ்ப் பற்களுக்கு ஒரு தட்டு. இரண்டையும் இணைத்து, கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி வைக்கும். தாடை முன்னால் வந்தால் நாக்கும் வரும், பின்னால் வழி திறக்கும். இப்போதே செய்து பாருங்கள். வாயை லேசாகத் திறந்து வேண்டுமென்றே குறட்டைச் சத்தம் எழுப்புங்கள். பிறகு கீழ்ப்பற்களை மேல்பற்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அதே சத்தத்தை எழுப்பப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு வராது. கருவியின் சூட்சுமம் இவ்வளவுதான். இது புதிய யோசனையும் இல்லை. தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைப்பதைப் பற்றி, பிரான்சில் பியேர் ரோபின் என்ற மருத்துவர் 1923-லேயே எழுதியிருக்கிறார்.

செய்வதில்தான் பொறுமை வேண்டும். உங்கள் தாடை எவ்வளவு தூரம் முன்னால் வரும் என்று அளந்து, அதில் பாதி அல்லது சற்றுக் கூடுதலான இடத்தில் தொடங்குவோம். அப்புறம் சின்ன திருகைத் திருப்பி, கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று வாரக்கணக்கில் நகர்த்துவோம். ஒரேயடியாக இழுத்தால் தாடை மூட்டு வலிக்கும், நீங்கள் நாலாம் நாளே கழற்றி வைத்துவிடுவீர்கள்.

இனி, நான் செய்த ஒரு தவறு. தொழிலுக்கு வந்த தொடக்க காலத்தில் ஒருவர் இதே வார்த்தைகளோடு வந்தார். ஆள் ஒல்லி, வயது நாற்பதுக்குள். இவருக்கு எங்கே ஆப்னியா இருக்கப் போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, பரிசோதனைக்கு அனுப்பாமல் கருவியைச் செய்து கொடுத்தேன். இரண்டு வாரத்தில் குறட்டை போயிற்று. அவர் மனைவி நன்றி சொல்ல நேரில் வந்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, ரத்த அழுத்தம் மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை என்று அவரைப் பார்த்த மருத்துவர் தூக்கப் பரிசோதனைக்கு எழுதினார். கருவி வாயில் இருக்கும்போதே மணிக்கு 28 முறை மூச்சு தடைப்பட்டது. அத்தனை மாதமும் அவர் சத்தமில்லாமல் மூச்சுத்திணறிக்கொண்டிருந்திருக்கிறார். முன்பாவது பக்கத்தில் படுத்திருந்தவருக்கு அந்தச் சத்தம் ஒரு எச்சரிக்கையாக இருந்தது. நான் அதை அணைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எண் இல்லாமல் யாருக்கும் கருவி செய்வதில்லை. மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதுதான் அந்த எண். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். இதைக் கண்டுபிடித்துச் சொல்வது தூக்க மருத்துவரின் வேலை, என்னுடையது இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவர்களும் தூக்கப் பல் மருத்துவர்களும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. தூக்க மருத்துவர் எழுதிக் கொடுக்க, பல் மருத்துவர் உங்கள் வாய்க்கென்று அளவெடுத்துச் செய்ய, பிறகு கருவி வாயில் இருக்கும்போதே மறுபடி தூக்கப் பரிசோதனை. இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குறட்டை நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

வெறும் குறட்டைதான், ஆப்னியா இல்லை என்று வந்தால் மிக நல்லது. சந்தோஷமாகச் செய்து தருவோம். மூளையிலிருந்தே மூச்சுக்கான கட்டளை வராமல் நின்றுபோகிற இன்னொரு வகை ஆப்னியாவும் உண்டு. அதற்கு இந்தக் கருவியால் பயனில்லை. அதுவும் பரிசோதனையில்தான் தெரியும்.

கேள்வி: எனக்கு மணிக்கு 38 என்று வந்தது. சிபாப் கருவி கொடுத்தார்கள். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது, வாய் காய்கிறது. மூன்று மாதமாக அது பெட்டிக்குள்தான். கிளிப்புக்கு மாறலாமா?

ஐயா, 38 தீவிரமான எண். அதனால் முதலில் பெட்டியைத் திறங்கள்.

மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி, தூக்கத்தில் மூச்சுப் பாதையைத் திறந்தே வைப்பதுதான் சிபாப். 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழு இந்த முறையை வெளியிட்டதிலிருந்து இன்று வரை, மூச்சு நிற்கிற எண்ணிக்கையைக் குறைப்பதில் சிபாபை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. எங்கள் வாய்க் கருவியும் அதற்கு ஒரு படி கீழேதான். பல் மருத்துவராக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கிற தொல்லைகளில் பலவற்றுக்கு வழி இருக்கிறது. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் இருக்கிறது. காற்றை ஈரமாக்கித் தருகிற வசதி, அழுத்தத்தை மெதுவாக ஏற்றுகிற வசதி எல்லாம் உண்டு. வாய் காய்கிறது என்றால் வாய் வழியாகக் காற்று கசிகிறது என்று அர்த்தம். மூக்கடைப்பு இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எச்சில் வற்றினால் பல் சொத்தையும் சீக்கிரம் வரும், அதையும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் முடியவில்லை என்றால், தயங்காமல் உங்கள் தூக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாய்க் கருவிக்கு வாருங்கள். இரவில் இரண்டு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றுகிற சிபாபைவிட, ஏழு மணி நேரம் வாயில் இருக்கிற கருவி சிலருக்கு அதிகப் பயன் தரும். இரண்டையும் சேர்த்துப் போடுவதும் உண்டு. தாடை முன்னால் நின்றால் சிபாபின் அழுத்தத்தைக் குறைக்க முடிகிறது, மாஸ்க்கும் தாங்கக்கூடியதாகிறது. எதற்கும் சரிவராதவர்களுக்கு இரண்டு தாடைகளையும் முன்னால் நகர்த்துகிற அறுவை சிகிச்சை இருக்கிறது. பெரிய சிகிச்சைதான், ஆனால் சரியான ஆளுக்கு நல்ல பலன் தருகிறது.

பெட்டிக்குள் இருக்கிற கருவியால் மட்டும் யாருக்கும் பயனில்லை. இந்த வாரமே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: வெந்நீரில் போட்டு, கடித்து, நாமே அச்செடுத்துக்கொள்கிற கருவி இணையத்தில் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். பிடிமானம் போதாது, எவ்வளவு முன்னால் என்பதைச் சரியாக மாற்றவும் முடியாது. ஆடுகிற பல்லோ ஈறு நோயோ இருந்தால் அதன் மேலேயே பாரம் ஏறும். எல்லாவற்றுக்கும் மேல், உங்களைப் பரிசோதனைக்குப் போகாமல் தடுத்துவிடும்.

கேள்வி: நாலு மாதமாக வாய்க் கருவி போடுகிறேன். குறட்டை இல்லை, பகலில் தெம்பாக இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்கின்றன. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஆனால் சும்மாவும் விடக் கூடாது. இரவெல்லாம் முன்னால் நின்ற தாடைத் தசைகள் உடனே பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. காலையில் கருவியைக் கழற்றிய பிறகு, பற்கள் பழையபடி சேருகிற வரைக்கும் மெதுவாகக் கடித்துப் பழகுங்கள். இதற்கென்றே உங்கள் பழைய கடியின் அச்சில் ஒரு சின்னத் தகடு செய்து தருவோம். உங்களுக்குத் தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தொடக்கத்தில் எச்சில் அதிகம் ஊறுவதும், பற்கள் லேசாக வலிப்பதும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு மேல் முன்பற்கள் சற்று உள்ளேயும் கீழ் முன்பற்கள் சற்று வெளியேயும் நகர்கின்றன. பலருக்கு அது தெரியவே தெரியாது. சிலருக்குக் கடி மாறிவிடும். அதனால்தான் தொடங்குவதற்கு முன்பே அச்சும் படமும் எடுத்து வைக்கிறோம். முதல் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை வரச் சொல்வதும் அதற்காகவே. கருவியை மென்மையான பிரஷ்ஷால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும்.

கேள்வி: எனக்கு 71 வயது. ஒரு பல்கூட இல்லை, பல்செட்தான். எனக்கும் இந்தக் கருவி உண்டா?

அம்மா, தாடையை முன்னால் பிடித்து நிறுத்தப் பற்கள் வேண்டும். உங்களுக்கு நாக்கை மட்டும் முன்னால் இழுத்து வைக்கிற வேறொரு கருவி உண்டு. உதடுகளுக்கு வெளியே ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதற்குள் நாக்கை நீட்டினால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எல்லாருக்கும் பழகாது, நாக்கு நுனி வலிக்கலாம். பரிசோதனையில் ஆப்னியா இருக்கிறது என்று வந்தால் உங்களுக்குச் சிபாப்தான் முதலில்.

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், குறட்டை வருகிறது. பள்ளியில் கவனமே இல்லை என்கிறார்கள். குழந்தைகளுக்குக் குறட்டை சகஜம்தானே?

சளி பிடித்த நாலு நாள் வந்தால் சகஜம். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மாதக்கணக்கில் வந்தால் சகஜம் இல்லை. குழந்தைகளுக்கு எண்ணும் வேறு. மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பெரியவர்களைப்போல அவர்கள் பகலில் தூங்கி விழ மாட்டார்கள். துறுதுறுவென்று ஓடுவார்கள், எரிந்து விழுவார்கள், பாடத்தில் மனம் நிற்காது. நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வரலாம். கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கிறாளா என்றும் பாருங்கள். மூச்சுக்கு வழி தேடித்தான் அப்படிப் படுப்பார்கள்.

முதலில் போக வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். இந்த வயதில் பெரும்பாலும் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு என்ற சதையும் வீங்கி வழியை அடைத்திருக்கும். அவற்றை எடுத்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்கு நன்றாகக் குறைந்துவிடுகிறது. மேலண்ணம் குறுகியிருந்தால் அங்கே எங்களுக்கும் வேலை உண்டு. அண்ணத்தின் நடுக்கோடு இந்த வயதில் இன்னும் இறுகியிருக்காது. திருகு வைத்த ஒரு கருவியால் கால் கால் மில்லிமீட்டராக அதை விரிக்கலாம். அண்ணத்துக்கு மேல்தானே மூக்கின் தரை இருக்கிறது, அதுவும் சேர்ந்து அகலமாகும். பெரியவர்கள் போடுகிற தாடைக் கருவியை மட்டும், வளர்கிற குழந்தைக்கு யார் சொன்னாலும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் 54 வயதுப் பெண். தனியாக இருக்கிறேன். என் குறட்டையைப் பற்றி உறவினர் ஒருவர் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்ததிலிருந்து யார் வீட்டிலும் தங்குவதில்லை. தூக்கமும் சரியில்லை, காலையில் தலைவலி. தூக்க மாத்திரை போடுகிறேன். இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எழுதியதற்கு நன்றி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

குறட்டை ஆண்களுடையது என்று நினைப்பதால் எத்தனையோ பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஆப்னியா அதிகமாக வருகிறது. பெண்கள் சொல்கிற அறிகுறிகளும் நீங்கள் எழுதியிருப்பவைதான். தூக்கம் பிடிக்கவில்லை, காலையில் தலைவலி, எப்போதும் அசதி, மனசு சரியில்லை. உடனே தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சில வகைத் தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி, மூச்சு நிற்பதை அதிகமாக்கும். மதுவும் அப்படித்தான். நீங்களாகத் திடீரென்று மாத்திரையை நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய், "எனக்குக் குறட்டை உண்டு, காலையில் தலைவலி உண்டு, தூக்கப் பரிசோதனை வேண்டும்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும்.

பக்கத்தில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லையே என்று தயங்காதீர்கள். விரலில் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்று, மூக்கடியில் ஒரு சின்னக் குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. வீட்டில் உங்கள் படுக்கையிலேயே படுத்துச் செய்துகொள்கிற பரிசோதனை இருக்கிறது. எடை கூடுதலாக இருந்தால், பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மூச்சு நிற்கிற எண்ணிக்கை ஏறக்குறைய கால்வாசி குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் படுப்பதும் பலருக்கு உதவும். இவற்றை இன்றே தொடங்கலாம். ஆனால் இவற்றுக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள். வாய்க் கருவி உங்களுக்குப் பொருந்துமா, எதையெல்லாம் கேட்டுக்கொண்டு பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன். பத்திரிகையில் போட மாட்டேன், தனியாகவே பதில் வரும்.